வண்டிக்கு அடியில் அப்பா

இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் உப்பைத் தெருவில் கொட்டுகிறார்கள். ஒரு கை, இரண்டு கை அல்ல. விடிவதற்கு முன்பே ஆரஞ்சு நிற லாரி ஒன்று தலையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வரும். அதன் பின்னால் ஒரு தட்டு சுற்றும். உப்பு இரண்டு பக்கமும் சிதறும். பனி உருகி வண்டிகள் வழுக்காமல் இருப்பதற்காக என்பார்கள். காரணமெல்லாம் சரிதான். ஆனால் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டிப் பிழைத்தவரின் மகன் ஜன்னலில் நின்று இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வெயிலில் வாரி, குவித்து, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துப் பார்த்து விற்கிற சரக்கு அது. இவர்கள் அதை வாங்கி ரோட்டில் எறிகிறார்கள். வந்த புதிதில் என் மனைவி கனி, ஸ்ரீவைகுண்டத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம், என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்க அப்பா பாத்தாவன்னா இங்கனயே ஒரு ஆர்டர் பிடிச்சிருவாவ."

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுக நகரம். துறைமுகத்தை விட்டு வந்து துறைமுகத்தில்தான் விழுந்திருக்கிறேன். அங்கே கப்பல் கம்பெனி ஆபீஸில் கண்டெய்னர்களை எண்ணினேன். இங்கே கம்ப்யூட்டர் எண்ணுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடி என்றதும் இங்குள்ளவர்கள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓ, முத்து!" என்று கண்ணை விரிப்பார்கள். முத்துக்குளித்துறை என்று பெயர்தான். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் யாரும் நகைக்கடைக்கு வெளியே ஒரு முத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் உப்பு. காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, ஜன்னல் கம்பியில் உப்பு. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லாரி ஷெட். புது லாரி வாங்கி மாலை போட்டுக் கொண்டுவந்தாலும் கொஞ்ச நாளில் அதன் அடிப்பாகம் அப்பளம் போல உதிரத் தொடங்கிவிடும்.

அதற்கு அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. அப்பாவிடம் மட்டுமல்ல, உப்பு ஓட்டுகிற எல்லாரிடமும் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நிற்பதற்கு முன்பு, இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை டின்னில் சேர்த்து வைத்து, பனை நாரில் கட்டிய பனந்தும்பு பிரஷ்ஷில் தொட்டு லாரியின் அடி முழுக்கப் பூசுவார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கை விரித்துக் கீழே நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார். வேலை முடிந்தபின் டின்னில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைக் கொட்டுகிற வழக்கம் கிடையாது. பக்கத்து ஷெட்காரர் வந்து நின்று எண்ணெயையும் தன் வண்டியையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், அப்பா அந்த வண்டிக்கு அடியிலும் நுழைந்துவிடுவார். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். கீழே வடிந்த எண்ணெய்மேல் நாலு மம்பட்டி மண்ணை அள்ளிப் போட்டால் கதை முடிந்தது. ஷெட் தரை முழுக்கக் கறுத்துத்தான் கிடக்கும். அதை அழுக்கு என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

இனி இங்கத்து வண்டிக்கு வருகிறேன். எங்களுடையது ஐந்து கதவு டீசல் ஹாட்ச்பேக். மேலே தூக்குகிற பின்கதவையும் சேர்த்துத்தான் இங்கே ஐந்து என்று கணக்குப் பண்ணுகிறார்கள். சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. குடும்ப வண்டி என்று இங்கே சொல்வது இந்த அளவைத்தான். கரும்பச்சை நிறம். நாங்கள் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. பின்சீட்டை மடக்கினால் அரிசி மூட்டை, துணி காயப்போடுகிற கொடி, பழைய அலமாரி, எதையும் விழுங்கும். குளிர்காலையில் சாவியைத் திருப்பியதும் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைகிறவரை பொறுத்திருந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவசரப்பட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். எங்கள் தெருவில் இப்போது பாதிப் பேரிடம் சத்தமே இல்லாத மின்சார வண்டிகள். சில நகரங்களின் நடுப்பகுதிக்குள் எங்கள் வண்டியைப் போன்றவற்றை விடுவதே இல்லை, புகைக்காக. கனி அதிகாலை ஷிஃப்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இது கிளம்பும்போது தெரு மொத்தமும் எழுந்துவிடும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே கோபத்தை ஜன்னல் திரைச்சீலையை விலக்கிக் காட்டுவார்கள்.

அம்மா போனபின் அப்பா மில்லர்புரம் வீட்டில் தனியாக இருந்தார். லாரிகளை எப்போதோ விற்றாயிற்று. ஷெட் காலியாகக் கிடந்தது. கடைக்குப் போவார், பேப்பர் வாசிப்பார், ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அந்த 'தான்' என்னைத் தூங்கவிடவில்லை. கனிதான் பேசிப் பேசி அவரை மூன்று மாத விசாவில் வரவழைத்தாள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. வந்து இறங்கிய வாரமே சோறு போட்டுக்கொண்டு சொன்னாள்: "மாமா, பாதி வருசம் அங்கன இருங்க, பாதி வருசம் இங்கன இருங்க. தனியா கெடந்து என்ன செய்யப் போறீய?" அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு "பாப்போம்" என்றார். எங்கள் குடும்பத்தில் 'பாப்போம்' என்றால் சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. அந்த மூன்று மாதமும் நாங்கள் இருவரும் அந்த ஒரு சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் வந்தது பிப்ரவரிக் கடைசி. குளிர் இன்னும் விடவில்லை. முதல் காலையிலேயே உப்பு லாரியைப் பார்த்துவிட்டு அப்பா கீழே இறங்கிப் போய் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். "நம்ம உப்பு இல்ல. பாறைய வெட்டி எடுத்தது. இத எவன்லே வாங்கிப் போடுதான்?" என்றார். கனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதன்பிறகு அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். டிவியில் பேசுவது புரியாது. வெளியே நடந்தால் எதிரே வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குப் புரிகிற மொழியில் பேசியது எங்கள் வண்டி ஒன்றுதான். அது ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டால் சாரத்துக்கு மேலே என் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்துவிடுவார். "ஏலே, இன்ஜெக்டர் ஒண்ணு சரியில்ல, தட்டுது பாரு" என்றார் ஒருநாள். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சைலன்சரைப் பிடித்திருக்கிற ரப்பர் அறுந்திருக்கிறது, அதுதான் தட்டுகிறது என்றார் மெக்கானிக். அப்பா அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் சின்னப்பய, அவனுக்கு என்ன தெரியும்" என்றார்.

ஏப்ரலில் வண்டிக்குப் பரிசோதனை வந்தது. இங்கே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அடிப்பாகத்தில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தால் ஓட்ட விடமாட்டார்கள். எங்கள் வண்டிக்கு அந்தப் பயம் உண்டு என்று சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறிச் சொன்னேன். மறுநாள் நான் டிராமில் வேலைக்குப் போனேன், கனிக்குப் பகல் ஷிஃப்ட், அவளும் டிராமிலேயே போய்விட்டாள். அப்பா நிலவறைக்குப் போயிருக்கிறார். அங்கே நான் இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஒரு கேனில் வைத்திருந்தேன், கடையில் திருப்பிக் கொடுப்பதற்காக. இங்கே பழைய எண்ணெயை, புது எண்ணெய் வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு மண்ணில் விழுந்தாலும் குற்றம். வண்டியைக்கூட வீட்டு வாசலில் கழுவ முடியாது. இதெல்லாம் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்? அவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, சுவருக்கு வண்ணம் அடித்த பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஹெர் லோமன் இருக்கிறார், ஹெர் என்றால் இங்கே திரு. ஓய்வு பெற்றவர், தனியாள். அவருடைய வெள்ளி நிற வண்டி எங்கள் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கழுவுகிற நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி வருவார். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தவர் என் அப்பாவின் கால்களையும் தரையில் பரவுகிற கறுப்பையும் பார்த்திருக்கிறார். தூறல் வேறு போட்டதால் எண்ணெய் நிறநிறமாகச் சாக்கடை மூடியை நோக்கி ஓடியிருக்கிறது. பாவம், மனிதர் பதறிப்போய் ஓடி வந்து, எண்ணெயைக் காட்டிக் கத்தியிருக்கிறார். தன் வண்டியின் சக்கரத்தடிக்கு அது வந்துவிட்டதைக் காட்டிக் கையை வீசிக் கத்தியிருக்கிறார். அப்பா வெளியே வந்து, எழுந்து நின்று, மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, அட்டையை இழுத்துப் போட்டு ஹெர் லோமனின் வண்டிக்கு அடியில் நுழைந்து அதற்கும் பூசத் தொடங்கிவிட்டார்.

பிறகு அப்பாவிடம் கேட்டபோது அவர் குழம்பவே இல்லை. "அவரு வந்தாரு. எண்ணெயக் காட்டுனாரு. தன் வண்டியக் காட்டுனாரு. கொஞ்சம் கோவமாத்தான் காட்டுனாரு, பக்கத்து வண்டிக்குச் செஞ்சுட்டு நம்ம வண்டிய விட்டுட்டானேன்னு நெனைக்காருன்னு நெனைச்சேன். வேற என்னலே அர்த்தம்? டின்னுலயும் மிச்சம் இருந்துச்சு."

ஹெர் லோமன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிவிட்டு எனக்கும் பண்ணினார். நான் வந்து சேர்ந்தபோது சிவப்பு வண்டி நின்றது. சீருடைக்காரர்கள் வெள்ளையாக ஏதோ ஒரு பொடியை எண்ணெய்மேல் தூவிக்கொண்டிருந்தார்கள். அப்பா சுவரோரம் கை முழுக்கக் கறுப்போடு நின்றிருந்தார், பயந்த மாதிரித் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "நம்மூர்ல நான் மம்பட்டியில மண்ணு போடுவேன். இங்க அதுக்கு யூனிபாரம் போட்டுல்லா வாராவ!" என்றார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாது. ஹெர் லோமன் சிவந்த முகத்தோடு நின்றார். நான் அவரிடம் போய் "என்ட்ஷுல்டிகுங்" என்றேன். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். சீருடைக்காரர்களிடமும் சொன்னேன், மறுபடி ஹெர் லோமனிடம் சொன்னேன். அவர் தன் வண்டியின் அடியைக் காட்டி, இதை யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். எங்கள் ஊரில் கேட்காமலே செய்வார்கள் என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொன்னாலும் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத்தான் வந்தது.

எச்சரித்துவிட்டுப் போனார்கள். செலவு எங்கள் தலையில். அப்பாவை மேலே அழைத்துப் போனேன். அவர் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு வெகுநேரம் கையைக் கழுவினார். திரும்பாமலே கேட்டார்:

"ஏலே, நீ அவன்ட்ட சொன்ன வார்த்தை, டிராம்ல ஒருத்தன் கால ஒருத்தன் மிதிச்சா சொல்லுததுல்லா?"

"ஆமாப்பா."

"இங்க யார் கால யாரு மிதிச்சா?"

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மண், நிலத்தடி நீர், சட்டம். அவர் முழுவதும் கேட்டார். சாயங்காலம் கனி வந்ததும் அவளிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. "ஏளா கனி, டிக்கெட்ட முன்னால மாத்த முடியுமான்னு பாரு." அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எதுக்கு மாமா?" என்றாள். "இங்கன கைய வச்சா குத்தம், கால வச்சா குத்தம். ஒரு மனுசன் எத்தன நாளைக்குச் சும்மா ஒக்காந்து சோறு திங்க முடியும்?" என்றார். கனி அழுதுவிட்டாள். அப்பாவுக்கு அது சங்கடமாகப் போய்விட்டது. டிக்கெட் பேச்சை அன்றைக்கு விட்டுவிட்டார். ஆனால் 'பாப்போம்' எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துபோனது.

மறுநாள் காலை அவர் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பெட்டி, முந்திரியில் செய்கிற எங்கள் ஊர் இனிப்பு, கடைசிப் பெட்டி. "லோமன் வீட்டுக்குப் போவோம்" என்றார். நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். "நீ வாயத் தொறக்கப்படாது. என் தப்புக்கு நாந்தான் கேக்கணும். நீ கேட்டா அது ஒன் தப்பாப் போயிரும்" என்றார். கதவு திறந்தது. அப்பா பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "அண்ணாச்சி, தெரியாமச் செஞ்சுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீய" என்று சுத்தமான தூத்துக்குடித் தமிழில் சொன்னார். ஹெர் லோமன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பெட்டியை வாங்கி, "டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கட்டித் தழுவல் எல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மாடி ஏறும்போது அப்பா நிமிர்ந்துதான் ஏறினார். "வாங்கிட்டாருல்லா," என்றார். எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்குள் ஒரு வழக்கம்: கொடுத்த பண்டத்தை வாங்கிக்கொண்டால் சண்டை தீர்ந்தது. அந்த வழக்கம் ஹெர் லோமனுக்குத் தெரியுமா என்று அப்பா யோசிக்கவில்லை.

எண்ணெய் பூசிய வண்டியைப் பரிசோதகர் தொடவே மறுத்துவிட்டார். நீராவி அடித்துக் கழுவிக் கொண்டுபோனோம். அப்பாவும் வந்தார். வண்டியைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்தி, பரிசோதகர் ஸ்க்ரூடிரைவரால் கதவுக்குக் கீழே உள்ள தகட்டைக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. துரு பொலபொலவென்று கொட்டியது. அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஓட்ட விழுந்த பெறவு எண்ணெயப் பூசி என்ன, சந்தனத்தப் பூசி என்ன" என்றார். அங்கிருந்து வண்டியை எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டோம். வெல்டிங் செலவு வண்டியின் விலையைவிட அதிகமாகும், பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதுதான் புத்தி என்றார் மெக்கானிக். வீட்டுக்குத் திரும்பும்போது டிராமில் அப்பா சொன்னார்: "வண்டியும் போச்சா. இனி இங்க எனக்கு என்னலே சோலி?" கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு முடிக்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொன்ன தேதியில் விமானம் ஏறிப் போனார்.

வண்டியை நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. வெல்டிங் பண்ணக் கொடுத்தேன். கனி, "கோட்டியா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? அந்தக் காசுக்கு வேற வண்டியே வாங்கலாம்லா!" என்று சண்டைக்கு வந்தாள். வேறு வண்டி வாங்கினால் அது அப்பாவிடம் பேசாது என்றேன். அதற்கு அவள், "சரி, பின்கண்ணாடி வைப்பரையும் மாத்தச் சொல்லுங்க" என்றாள்.

மழைக்காலம் நெருங்கியபோது மில்லர்புரத்துக்குப் போன் பண்ணினேன். "எப்பா, வண்டி ஓடுது. குளிருக்கு முன்னால அடியில பூசணும். எனக்கு நேரமில்ல."

"எண்ணெய் பூசப்படாதுன்னயே."

"எண்ணெய் இல்ல. மெழுகு. கடையில விக்கான். அதுக்குன்னு உள்ள ஷெட்டுல வச்சுப் பூசுனா குத்தமில்ல."

"மெழுகா? வண்டிக்கா, மாதா கோயிலுக்கா?" என்றார். பிறகு அவரே, "பிரஷ் இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா."

"அங்கன உள்ள பிரஷ் சரி வராது."

போனை வைத்துவிட்டு நான் கனியிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நவம்பரில் வந்தார். பெட்டியில் மக்ரூன், கருவாடு, எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய புதுப் பனந்தும்பு பிரஷ். வாடகைக்கு இடம் கொடுக்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். வண்டியைத் தூக்குகிற இயந்திரம் இருந்தது, வேண்டாம் என்றுவிட்டார். "நின்னுக்கிட்டுப் பூச நான் என்ன வெள்ளையடிக்கவா வந்துருக்கேன்?" சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தினோம். கீழே நுழைவதற்கு முன் ஒன்று கேட்டார்: "லோமன் அண்ணாச்சி வண்டிக்கு?" முந்தின நாளே கேட்டுவிட்டேன், மரியாதையாக வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். "சவம், அவரு தலைவிதி. துரு திங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நுழைந்தார்.

நான் டின்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். கனி வாங்கிக் கொடுத்த கம்பளி சாக்ஸ், அதற்குமேல் ஊர் ரப்பர் செருப்பு, வார் மாட்டுகிற இடத்தில் சாக்ஸ் சுருங்கிப் பிதுங்கியிருந்தது. உள்ளேயிருந்து பழைய லாரிக் கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. யார் வண்டி, எந்த ஐப்பசி என்றெல்லாம் சொல்லிக்கொண்டே பூசினார். இடுப்புக்கு மேலே அப்பா மில்லர்புரத்து ஷெட்டில் இருந்தார். கால் இரண்டும் என்னோடு ஜெர்மனியில் இருந்தன. அப்போது பட்டறையின் தகரக் கதவில் சரசரவென்று ஏதோ விழுந்தது. பிரஷ் சத்தம் நின்றது.

"ஏலே, என்னது?"

"உப்பு லாரிப்பா. ரோட்டுக்கு உப்புப் போட்டுட்டுப் போறான்."

ஒரு கை வெளியே நீண்டது, பிரஷ்ஷை டின்னில் முக்கியது.

"போடட்டும்" என்றார் அப்பா.